வராத அம்மைக்குக் கட்டிய வேப்பங்கொத்து

அண்ணிக்கு நான்காவது தடவை மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள் மாலை காய்ச்சல் வந்தது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன். வாங்கிய விரல் என் விரலில் பட்டுச் சுட்டது. கோப்பைச் சூடுதான் என்று நினைத்து, "ஆத்திட்டுக் குடிங்க அண்ணி" என்றேன். அவள் குடிக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கூரைத் தகரத்தில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

"குளிருதுடி சக்தி" என்றாள்.

தெர்மோமீட்டர் அலுமாரி மேலே சீனிப் பேணிக்குள் இருந்தது. அக்குளில் வைத்து எடுத்தேன். நூறு புள்ளி எட்டு.

"எவ்வளவு?"

"நூறு தாண்டிருச்சு அண்ணி."

"சரியாப் பாத்தியா? கணக்குல நீ எத்தன மார்க்குன்னு எனக்குத் தெரியாதா?"

பயம் வந்தால் அவள் கிண்டல் செய்வாள். நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உரிமை. வேறு யாராவது சொன்னால் அவளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவாள்.

அண்ணியின் பெயர் தயானி. என் அண்ணன் கஜேந்திரனின் மனைவி. முப்பத்தொரு வயது. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் எங்கள் தோட்ட டிவிசனில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். போன டிசம்பரில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. பெப்ரவரியில் பதுளை ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும். அண்ணனுக்குக் கொழும்பில் இரும்புக் கடையில் வேலை. கொரோனாவுக்காக மே மாதம் பயணத் தடை போட்டதில் அங்கேயே மாட்டிக்கொண்டான். அதனால் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையானது.

பொலிஸ் மறிக்கும் இடங்களில் கிளினிக் கொப்பியைக் காட்டுவோம். அவர்கள் அண்ணியின் தலைத்துணியைப் பார்த்துவிட்டுக் கொப்பியைத் திறக்காமலே போகச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குள் நோயாளிக்கு மட்டும்தான் இடம். நான் வெளியே மதில் ஓரம், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் நிற்பேன். காலையில் உள்ளே போகிறவள் மூன்று மணிக்கு வெளியே வருவாள். முகம் சாம்பல் நிறமாகியிருக்கும். அப்போதும், "கோட்டுக்குள்ளயே நின்னியாடி? சீதைகூட இவ்வளவு நேரம் நிக்கலையே" என்பாள்.

நான் முதல் தடவை கூடப் போனபோதே அங்கே ஷிப்னா மிஸ் என்ற நர்ஸ் என்னை மதில் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த மருந்து கெட்டதையும் அழிக்கும், நல்லதையும் அழிக்கும். ஏழாம் நாள்ல இருந்து ஒரு கிழமைக்கு ஒங்கட அண்ணிட ஒடம்புல காவலே இருக்காது. காய்ச்சல் நூறைத் தாண்டினா பனடோல் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்க வாணாம். அந்த நேரமே கொண்டு வரணும். எனக்கு கோல் எடுங்க. விளங்கிச்சா?"

நான் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க தங்கச்சி. மாஸ்க்கும் போட்டு தலையும் ஆட்டினா எனக்கு என்ன தெரியும்?"

"விளங்கிச்சு மிஸ்."

கொப்பியின் பின்னட்டையில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அந்தக் கொப்பியைத்தான் இப்போது கையில் எடுத்தேன்.

"என்ன பண்ணப் போற?" என்றாள் அண்ணி.

"மிஸ்ஸுக்குச் சொல்றேன்."

"சொன்னா?"

"வரச் சொல்வாங்க."

"வண்டி வரும். பின்னாலயே பி.எச்.ஐ. வருவாரு. லயத்தச் சுத்தி நாடாவக் கட்டுவாங்க. அப்பறம்?"

அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியும். அந்த ஜூன் மாதத்தில் எங்கள் தோட்டத்தில் காய்ச்சல் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. ஒரு மாதத்துக்கு முன் மேட்டு லயத்து வீட்டு வரிசையில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.க்குத் தெரிந்து, அந்த வீட்டாரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீதி வீடுகளுக்குப் பதினான்கு நாள் மஞ்சள் நாடா. யாரும் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. அந்தக் குடும்பம் சுகமாகித் திரும்பி வந்தும் பலர் அவர்களோடு பேசுவதில்லை. தண்ணீர்ப் பீலியில் அவர்கள் குடத்தை மற்றக் குடங்களோடு வைக்க விடுவதில்லை.

"இது வேற காச்சல்னு சொல்லுவோம் அண்ணி."

"யாரு சொல்லுவா? நீயா?"

கடைக்குப் போனால்கூட வேண்டியதைக் கடுதாசியில் எழுதி நீட்டுகிறவள் நான்.

அண்ணி தலைத்துணியை அவிழ்த்தாள். முடியெல்லாம் கொட்டி மழித்த தலையில், பிடரிப் பக்கம் சிவப்பாகச் சின்னச் சின்னப் பருக்கள். மருந்துக்கு வந்தவை. அதைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"இதப் பாரு. அம்மை மாதிரி இல்ல?"

"ஐயோ அண்ணி."

"கேளுடி. ஆத்தா வந்திருக்கான்னு வச்சுக்குவோம். கோயில் மரத்துல ஒரு கொத்து ஒடிச்சு வாசல்ல கட்டு. ஒரு ஜனம் கிட்ட வராது. யாரும் யாருக்கும் போன் பண்ண மாட்டாங்க. ரெண்டு நாள்ல காச்சல் எறங்கிரும்."

"பொய் சொல்லணுமே."

"நாம எங்க சொல்றோம்? கொத்துதானே சொல்லும்."

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கடைசி வாக்கியம்தான். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிஸ் சொன்னது என் காதில் இருந்தது. ஆனால் அந்தக் கொத்தைக் கட்டிவிட்டால் நான் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பனடோலை அண்ணிக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்துக் குளிருக்கு வேம்பு லேசில் பிடிக்காது. கோயில் மரம் யாரோ மொனராகலையிலிருந்து கன்றாகக் கொண்டு வந்து வைத்தது. வளர்ந்தும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். எட்டி ஒடித்தேன். வழியில் எதிரே வந்த இரண்டு பெண்கள் என் கையில் கொத்தைப் பார்த்ததும் வரப்பில் ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்து வந்தார். அப்பாவின் பெயர் அழகர். கோயிலில் மணி அடிப்பதும் அவர்தான். வாசலில் கொத்தைக் கண்டதும் அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"எப்ப வந்தா?" என்று கேட்டார். ஆத்தாவைக் கேட்கிறார்.

"இன்னிக்கு" என்றேன். ஒரே ஒரு சொல்.

அவர் உள்ளே வரவில்லை. காலைக் கழுவிவிட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே சாக்கை விரித்துக்கொண்டார். பிறகு கதவோரம் நின்று, "பனடோல் அட்டை இருந்தா இங்க குடும்மா" என்றார். "ஆத்தா இருக்கிறப்ப மருந்து மாத்திரை கூடாது. கோவிச்சுக்குவா."

கொடுத்தேன். எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

மறுநாள் வியாழக்கிழமை. எங்கள் லயத்தில் இருபது காம்பரா வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டியவை. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் இருபது வீட்டுக்கும் வாசம் போகும். அம்மை கண்ட வீட்டுக்குத் தாளிப்பு வாசம் ஆகாது என்பார்கள். அன்று காலையிலிருந்து எங்கேயும் கடுகு வெடிக்கும் சத்தம் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. இருபது வீட்டிலும் ரொட்டியும் வெறும் சம்பலுமாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பக்கத்துக் காம்பரா ராசம்மா பெரியம்மாவுடையது. லயத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. தண்ணீர் முறை, கோழி, குப்பை என்று அவள் ஒரு நாளும் சண்டை இல்லாமல் இருந்ததில்லை. அன்று வேலை முடிந்து வந்ததும் தணிந்த குரலில் கூப்பிட்டாள்.

"சக்தி, வாசல்ல எளநி ரெண்டு வச்சிருக்கேன். நௌபர்கிட்ட சொல்லி எடுப்பிச்சேன். கூழும் ஆறவச்சிருக்கேன், குடு."

நௌபர் பதுளைக்காரர். தடை நாட்களில் அனுமதிப் பத்திரத்தோடு சின்ன லொறியில் மரக்கறி கொண்டு வந்து தோட்டம் தோட்டமாக விற்றார். எங்கள் பக்கம் இளநீர் கிடைக்காது. அவர் எங்கே தேடி எடுத்தாரோ.

நான் கூழை எடுக்கக் குனிந்தபோது பெரியம்மா தள்ளி நின்று கொத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ஏந்தாயி, அந்தப் புள்ளைக்கு இருக்கிற நோவு பத்தாதுன்னா நீயும் வந்த? வந்தது வந்துட்ட. அவளத் தொந்தரவு பண்ணாம ஒரு மூலையில குந்திக்க. வேணும்னா எங்க வீட்டுக்கு வா, எனக்கு ஒடம்புல தெம்பு இருக்கு."

உள்ளே அண்ணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கூழை ஊட்டப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்க்குள் எல்லாம் புண். விழுங்க முடியவில்லை.

"இவ்வளவு பேரையும் ஏமாத்துறேனே சக்தி."

"போன் பண்ணவா அண்ணி?"

"நாளைக்குப் பாப்போம். நாளைக்குக் காச்சல் விட்டுரும். எங்கிட்டச் சத்தியம் பண்ணு, நான் சொல்லாம யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

சத்தியம் செய்தேன். அன்று மாலை நூற்றிரண்டு. அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆத்தாவின் தாலாட்டை மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெர்மோமீட்டர் வைத்தேன். நூற்று மூன்று புள்ளி ஆறு. அண்ணியின் மூச்சு, மலையேறி வந்தவள்போல் சின்னச் சின்னதாக ஓடியது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "பஸ் போயிருச்சா?" என்று கேட்டாள்.

"எந்த பஸ் அண்ணி?"

"நீங்க போங்க, நான் அடுத்த பஸ்ல வாறேன்" என்றாள். என் அண்ணனிடம் பேசுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் கொப்பியையும் போனையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா, "எங்கம்மா போற, வீட்ட விட்டுப் போகக் கூடாதும்மா" என்றது பின்னால் கேட்டது.

எங்கள் டிவிசனில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். பெரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தூண் பக்கம். பெரட்டுக்களம் என்றால் காலையில் எல்லோரும் கூடி நின்று பெயர் கொடுத்து, யார் எந்த மலைக்கு என்று கேட்டுப் போகும் இடம். நான் போனபோது சரியாக அந்த நேரம். மாஸ்க் போட்டு, கூடையைத் தோளில் போட்டு, தள்ளித் தள்ளி அறுபது பேர் நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நௌபரின் லொறி.

என்னைக் கண்டதும் கூட்டம் விலகியது.

"ஏ சக்தி!" என்று ராசம்மா பெரியம்மா கத்தினாள். "ஆத்தா இருக்கிற வீட்ட விட்டுட்டு வெளிய வரலாமாடி?"

நான் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. ஷிப்னா மிஸ் எடுத்துவிட்டார்.

"ஹலோ?"

போனைக் காதோடு அழுத்தினேன்.

"ஹலோ, யாரு பேசுற? கேக்குதில்ல."

"மிஸ்" என்றேன்.

"யாரு? சத்தமாப் பேசுங்க!"

கூட்டத்துக்கு முதுகு காட்டி மலைப் பக்கம் திரும்பினேன். சிக்னல் நழுவியது. மறுபடியும் தூணில் ஒட்டி, அறுபது முகத்தையும் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மிஸ், நான் தயானியோட நாத்தனா! ஸ்பிரிங்வெளிப் பக்கத்துல இருந்து! அண்ணிக்குக் காச்சல் மிஸ்! நூத்தி மூணு புள்ளி ஆறு!"

"எப்ப இருந்து?"

"முந்தாநாளு சாயங்காலத்துல இருந்து!"

"ஏன் கொண்டு வரல்ல?"

"மறைச்சிட்டோம் மிஸ். லயத்த மூடிருவாங்கன்னு பயந்து, அம்மைன்னு சொல்லி மறைச்சிட்டோம்."

இதைக் கத்திச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏறிய குரலை இறக்க எனக்குத் தெரியவில்லை.

மிஸ் திட்டவில்லை. "சரி, அதப் பொறகு பேசுவோம். மூச்சு எப்படி? ஆளத் தெரியுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "அம்புலன்ஸ் எல்லாம் ஓட்டத்துல ஈக்கு. ஒங்க பக்கம் வந்து சேர நேரம் எடுக்கும். வேற வாகனம் கிடைச்சா அதிலயே வாங்க. காய்ச்சல்காரங்க போற வாசலுக்கு வரணும். அங்க யாரு என்ன கேட்டாலும் மொத வார்த்தையா கீமோ குடுத்த ஆள்னு சொல்லுங்க. நான் வந்து நிக்கிறன்."

போனை இறக்கினேன். கண்ணைத் திறந்தேன்.

"அப்ப கொரோனாவா?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம லயமும் போச்சு" என்றார் இன்னொருவர்.

"ஆத்தா பேரச் சொல்லியா பொய் சொன்னீங்க? மஞ்சத் தண்ணி தெளிச்சு வாசல்ல விழுந்து கும்பிட்டேனே நான்!" ஒரு பெண்ணின் குரல் நடுங்கியது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும். ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் ஓடினால் லொறி கிடைக்காது.

"கேன்சருக்கு ஏத்துற மருந்தால இப்படிக் காச்சல் வரும்னு முன்னாடியே சொன்னாங்க" என்றேன். "கொரோனாவா இல்லியான்னு எனக்குத் தெரியாது. இருந்தாலும் இருக்கலாம். ஆனா இப்பக் கொண்டுபோகலன்னா அண்ணி செத்துருவாங்க."

லொறிப் பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். நௌபர் முன் சீட்டிலிருந்த தக்காளிப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார். அடுத்த பெட்டி. பிறகு பின்பக்கம் ஏறி லீக்ஸ் மூட்டையைத் தள்ளினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். "பாரத்தோட அந்த வளைவுகள்ல வேகமா ஓட்ட ஏலா. எறக்குங்க, எறக்குங்க. அழகர்ட மருமகப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. எனக்குப் பாஸ் ஈக்கு."

"நௌபர் நானா, காச்சல் ஆளு. ஒங்களுக்கு ஒட்டிக்கிட்டா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஜன்னலத் தொறந்து வச்சிக்கிறன். மிச்சம் அவன் பாத்துக்குவான்." வானத்தைக் காட்டினார்.

முதலில் நகர்ந்தது ராசம்மா பெரியம்மா. கூடையைக் கழற்றி வீசிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் என்னை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

வாசலில் அப்பா நின்றார்.

"அப்பா, அம்மை இல்ல" என்றேன். "காச்சல மறைக்கக் கட்டுனது. நான்தான் ஒடிச்சிட்டு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கொத்தைப் பார்த்தார். வாசலை விட்டு நகரவில்லை. கோபம் இல்லை, பயம். ஆத்தா இருக்கும் வீட்டிலிருந்து, கொத்து கட்டியிருக்கும்போது, நோயாளியை வெளியே தூக்கிப்போவதை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"கட்டுனது பொய்யானாலும், கட்டிட்டோமேம்மா. அப்படியே எப்படித் தாண்டிப் போறது?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பெரியம்மா தன் காம்பராவுக்குள் போய் ஒரு செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீரோடு வந்தாள். கொத்தின் முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"தாயே, நீ வரவே இல்ல. இருந்தாலும் மரியாதையா ஒனக்கு வாசல்ல எடம் குடுத்துட்டோம். இந்தக் கழுதைங்க செஞ்சதப் பெருசா எடுக்காத. நல்லபடியாப் போயிட்டு வா. கூப்பிடாம வராத."

தண்ணீரைத் தெளித்தாள். கொத்தை அவிழ்த்துச் செம்பில் வைத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அப்பா அதைக் கண்ணில் ஒற்றி மூலையில் வைத்தார்.

"இப்பத் தூக்குங்க" என்றாள் பெரியம்மா. என் பக்கம் திரும்பி, "ஒனக்கு ஒதை இருக்கு. இப்ப இல்ல, அப்பறம்" என்றாள்.

அப்பா அண்ணியை முதுகில் போட்டுக்கொண்டு படிகளில் இறங்கினார். அண்ணியின் தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. ஊரார் முன்னால் ஒரு நாளும் மொட்டைத் தலையைக் காட்டாதவள். பெரியம்மா ஓடி வந்து தன் தலையில் கட்டியிருந்ததை அவிழ்த்துச் சுற்றிவிட்டாள். லொறிக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் மெல்லக் கேட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"கேட்டிருப்பீங்களாப்பா?"

அவர் அண்ணியை முதுகில் ஏற்றிப் பிடித்துக்கொண்டார். படியைப் பார்த்து இறங்கினார்.

பதுளை வரை நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நௌபர் திரும்பிப் பார்க்காமலே ஒரு துவாயை நீட்டினார். ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் ஒருவர் எங்களை மறித்தார். அவர் என்ன கேட்டார் என்று தெரியாது. "கீமோ குடுத்த ஆள்! ஒம்பது நாள்ல காச்சல்! இன்னிக்குப் பதினோராம் நாள்!" என்று கத்தினேன். "தெரியும் தங்கச்சி, கத்த வாணாம்" என்றது அந்த உடுப்பு. குரலில்தான் ஷிப்னா மிஸ் என்று அடையாளம் தெரிந்தது. சக்கர நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடியது.

என் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கொரோனா இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணிக்கும் முதல் சோதனையில் இல்லை. ஆனாலும் இரண்டாவது சோதனை முடிவு வரும்வரை லயத்தில் யாரும் வெளியே போகக் கூடாது என்று பி.எச்.ஐ. வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. ஒருவர் எங்கள் வாசலுக்கு நேராக வந்து நின்று காறித் துப்பினார். பின்வரிசையில் ஒரு வீட்டில், வேண்டுமென்றே எங்கள் காதில் விழும்படி, பேசக் கூடாததையெல்லாம் பேசினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே முடிவு வந்தது. கொரோனா இல்லை. அதனால் அவர்கள் எங்களை மன்னித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் பீலியில் என் குடத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை.

அண்ணி பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. இரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்றார் மிஸ். திங்கள் காலை பெரட்டுக்களத்துக்குப் போய்ப் போன் பண்ணினேன். நூற்றொன்று. தூணிலிருந்து திரும்பினேன். கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பதை நிறுத்தியிருந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றார்.

அறுபது பேரும் காத்திருந்தார்கள். சொன்னேன். செவ்வாயும் நூற்றொன்று. புதன் நூறு. புதனன்று நான் வரும்வரை அவர் கொப்பியையே திறக்கவில்லை. "மொதல்ல நீ பேசி முடிம்மா, பொறகு பேர் வாசிக்கிறேன்" என்றார். வியாழன், "தொண்ணூத்தொம்பது" என்றேன். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள், ஒரே ஒரு ஆள். பிறகு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். ராசம்மா பெரியம்மா, "கைதட்டுறதுக்கு இங்க என்ன தேர்தல் கூட்டமா? கூடையத் தூக்குங்க" என்று அதட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணியை அனுப்பினார்கள். அடுத்த மருந்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை, மருந்து ஏற்றிய மறுநாளே போட்டுக்கொள்ள ஓர் ஊசியும் எழுதியிருந்தார்கள்; அணுக்கள் அடியோடு குறையாமல் இருக்க. நௌபர் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் எங்களை ஏற்றிக்கொண்டார். அண்ணி ஜன்னல் பக்கம், நான் நடுவில். அவள் இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள். மடியில் பெரியம்மாவின் தலைத்துணி, துவைத்து மடித்தது.

டவுனைத் தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான் கேட்டாள்.

"யாரு ஒன்ன போன் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல அண்ணி."

"எங்கிட்டச் சத்தியம் பண்ணுனியே."

"ஆமா."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"ஆமா."

அவள் வெளியே பார்த்தாள். வளைவில் தேயிலை மலை சாய்ந்து வந்து மறுபடி நிமிர்ந்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கத்துனியாமே. ஷிப்னா மிஸ்ஸு காதுல இன்னும் கொய்ங்குங்குதாம்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் எலும்பாக இருந்தன. "எம்மேல கோவமா இருக்காங்களா?"

"சில பேரு."

"இருக்கட்டும். என்ன நடந்துச்சுன்னு சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. யாரு என்ன சொன்னா, எப்படிச் சொன்னா, எல்லாம்."

சொல்ல ஆரம்பித்தேன். பெரட்டுக்களத்துக்கு ஓடியது, கூட்டம் விலகியது, தூண். பெரியம்மா ஆத்தாவை வழியனுப்பியதை அவள் குரலிலேயே சொல்லிக்காட்டினேன். எனக்கே தெரியாது எனக்கு அப்படிப் பேச வரும் என்று. அண்ணி, "கூப்பிடாம வராதன்னா சொன்னா?" என்று கேட்டுச் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். அடுத்த வளைவில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாக வந்தது. நெற்றி என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. குளிர்ந்திருந்தது. நான் பேச்சை நிறுத்தினேன்.

நௌபர் ரோட்டைப் பார்த்தபடியே, "ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்றார். "நான் தக்காளிப் பெட்டி எறக்கினது இன்னும் வரல்லயே."

"அண்ணி தூங்கிட்டாங்க."

"எனக்குச் சொல்லுங்க. நான் முழிச்சிக்கிட்டுத்தானே ஈக்கிறன்."

நான் அவருக்குச் சொன்னேன், அண்ணி விழித்துவிடாத குரலில்.